டயாலிசிஸ்: தெரிந்துகொள்வோம், தவறாமல் தொடர்வோம்

உங்கள் உறவிலோ தெருவிலோ டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சொல்லே பெருநகர மருத்துவமனைகளில் மட்டும் கேட்கும் சொல்லாக இருந்தது. இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் பிரிவு இயங்குகிறது. இயந்திரம் நமக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால், அந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது, எந்தத் திட்டத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும், இடையில் விட்டால் என்ன ஆகும் என்ற விவரங்கள் அதே வேகத்தில் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சிறுநீரகம் செய்யும் வேலை

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நிமிடம்கூட ஓய்வெடுப்பதில்லை. ரத்தத்தில் சேரும் கழிவுகளையும் அதிகப்படியான நீரையும் பிரித்து வெளியேற்றுகின்றன. பொட்டாசியம், சோடியம் போன்ற உப்புகளை அளவோடு வைக்கின்றன. ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதிலும், ரத்த சிவப்பணுக்கள் உற்பத்தியாவதிலும், எலும்பின் வலுவிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு.

நாள்பட்ட சிறுநீரக நோயை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் குறிக்கும் எண் 15-க்குக் கீழே போனால் அது ஐந்தாம் நிலை. அந்த எண்ணைத் தொட்டவுடனே எல்லோருக்கும் டயாலிசிஸ் தேவைப்படாது. மூச்சுத் திணறல், உடலில் நீர் கோத்தல், பொட்டாசியம் ஏறுதல், தொடர் வாந்தி போன்றவற்றைப் பார்த்துச் சிறுநீரக மருத்துவர் முடிவு செய்வார்.

இதில் சிக்கல் என்னவென்றால், முதல் மூன்று நிலைகளில் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. "நல்லாத்தானே இருந்தாரு, திடீர்னு கிட்னி போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க" என்று பல குடும்பங்கள் சொல்வது இதனால்தான். உண்மையில் அது திடீரென்று வந்ததல்ல. பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் வளர்ந்தது.

80 ஆண்டு கதை, சுருக்கமாக

1943-ல், இரண்டாம் உலகப் போருக்கு நடுவே, நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் முதல் டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கினார். இறைச்சிக் கடைகளில் பயன்பட்ட செல்லோபேன் குழாய்தான் அவருக்குக் கிடைத்த வடிகட்டி. 1945-ல் அந்த இயந்திரத்தால் முதன்முதலாக ஒரு நோயாளி உயிர் பிழைத்தார். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், ரத்தக் குழாயோடு நிரந்தரமாக இணைக்கும் குழாயைக் கொண்டுவந்தார். அதுவரை தற்காலிகப் பாதிப்புக்கு மட்டும் பயன்பட்ட டயாலிசிஸ், ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடிய சிகிச்சையாக மாறியது இதன் பிறகுதான். 1966-ல், இன்று நாம் கையில் பார்க்கும் 'ஃபிஸ்டுலா' முறை அறிமுகமானது.

இந்திய வரலாற்றில் நம் மாநிலத்துக்கு முக்கிய இடம் உண்டு. நாட்டின் தொடக்க கால டயாலிசிஸ் சிகிச்சைகள் 1960-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தன. 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையும் அங்கேதான் நடந்தது.

நாட்டின் கணக்கு என்ன சொல்கிறது?

2016-17 மத்திய நிதிநிலை அறிக்கையில் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த உரையிலேயே சில எண்கள் உள்ளன. ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்பின் இறுதிக் கட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு 3.4 கோடி முறை டயாலிசிஸ் தேவை. நாட்டில் சுமார் 4,950 மையங்கள் இருந்தும், அவற்றில் பெரும்பாலானவை தனியாரிடமும் பெருநகரங்களிலும் இருப்பதால் தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது. ஒரு முறைக்குச் சுமார் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு.

இந்த எண்களை நாமே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 2.2 லட்சம் பேர், வாரம் மூன்று முறை, 52 வாரங்கள் என்று பெருக்கினால் 3.4 கோடி வருகிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு 156 முறை, முறைக்கு 2,000 என்றால் 3 லட்சத்து 12 ஆயிரம். அதாவது, அரசின் கணக்கே வாரம் மூன்று முறை என்ற அடிப்படையில் போடப்பட்டது. ஆனால், நம் நாட்டில் ஏராளமானவர்கள் வாரம் இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்கள். சிலருக்கு மருத்துவரே அப்படிப் பரிந்துரைத்திருப்பார். சிறுநீர் ஓரளவு போய்க்கொண்டிருப்பவர்களுக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். பலருக்கோ பணமும் தூரமும்தான் அந்த எண்ணிக்கையை முடிவு செய்கின்றன.

அதே நிதிநிலை அறிக்கையில் டயாலிசிஸ் கருவிகளின் சில பாகங்களுக்குச் சுங்க வரி விலக்கும் அளிக்கப்பட்டது. இன்று பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 36 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் நடைமுறையில் உள்ளது. 2025-ன் நடுப்பகுதியில் இதன்கீழ் இயங்கிய மையங்கள் சுமார் 1,700. முதலில் ரத்த டயாலிசிஸ் மட்டும் இருந்த இத்திட்டத்தில், 2019-ல் வயிற்றுவழி டயாலிசிஸும் சேர்க்கப்பட்டது.

எதனால் இவ்வளவு பேர்? சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும்தான் முதன்மைக் காரணங்கள். இவை இரண்டும் இல்லாதவர்களுக்கும் நோய் வருவதுண்டு. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உள்ள உத்தானம் பகுதியில், விவசாய வேலை செய்யும் மக்களிடம் பல ஆண்டுகளாகச் சிறுநீரக நோய் அதிகமாக இருக்கிறது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. அங்கே பலாசாவில் 2023 டிசம்பரில் 200 படுக்கைகளுடன் சிறுநீரக மருத்துவமனையும் ஆய்வு மையமும் திறக்கப்பட்டன. வெயிலில் நீண்ட நேரம் உழைப்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, வலி மாத்திரைகளைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுவது போன்ற பழக்கங்களும் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதை நாமும் நினைவில் வைக்கணும்.

இரண்டு வகை டயாலிசிஸ்

முதலாவது, ரத்த டயாலிசிஸ். கையிலிருந்து ரத்தத்தை ஒரு குழாய் வழியாக எடுத்து, 'டயாலைசர்' என்ற வடிகட்டிக்குள் செலுத்தி, சுத்தமான பின் இன்னொரு குழாய் வழியாக உடலுக்கே திருப்பி அனுப்புவார்கள். ஒரு முறைக்குச் சுமார் நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் 120 லிட்டர் அளவுக்கு டயாலிசிஸ் திரவம் வடிகட்டியின் மறுபக்கம் ஓடுகிறது. அதனால்தான் மையத்தின் ஆர்.ஓ. தண்ணீர் தரமாக இருப்பது மருந்தின் தரத்துக்குச் சமமான விஷயம்.

இரண்டாவது, வயிற்றுவழி டயாலிசிஸ். வயிற்றில் ஒரு மென்மையான குழாய் பொருத்தி, அதன் வழியே சுமார் இரண்டு லிட்டர் திரவத்தைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்து வெளியேற்ற வேண்டும். நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை, வீட்டிலேயே செய்யலாம். மருத்துவமனைக்குத் தூரமாக இருப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் கை சுத்தமும் இடச் சுத்தமும் மிக மிக முக்கியம். இல்லையென்றால் வயிற்றில் தொற்று ஏற்படும். ஹாங்காங் நீண்ட காலமாக இந்த முறைக்கே முதலிடம் தருகிறது. இந்தியாவில் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கான திரவப் பைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. "வீட்டில் செய்யலாமா?" என்று உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்க.

உயிர் காப்பது எது? உயிர் பறிப்பது எது?

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஆரோக்கியமான சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. டயாலிசிஸ் இயந்திரம் செய்வது அதிகபட்சம் 12 மணி நேரம். வாரம் இரண்டு முறை என்றால் 8 மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் கழிவும் நீரும் பொட்டாசியமும் உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த டயாலிசிஸ் வரை உள்ள இடைவெளி எவ்வளவு நீள்கிறதோ, இதயத்துக்கு அவ்வளவு ஆபத்து. வாரம் மூன்று முறை செய்பவர்களிடம்கூட, இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வரும் நாளில் மாரடைப்பும் இறப்பும் அதிகம் என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படின்னா, "இந்த வாரம் ஒரு கல்யாணம் இருக்கு, அடுத்த வாரம் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். டயாலிசிஸில் பாக்கி வைத்துச் சேர்த்துக் கட்டும் வழி கிடையாது.

இந்திய நோயாளிகளின் நிலை பற்றி வெளிவந்த ஆய்வுகளில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, தொடங்கிய சில மாதங்களிலேயே பலர் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, மையத்துக்கு மையம் பலன் மாறுபடுகிறது. நாடு முழுவதும் கிளைகள் கொண்ட ஒரு டயாலிசிஸ் நிறுவனத்தின் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், ஒரு மையத்துக்கும் இன்னொரு மையத்துக்கும் உயிர் பிழைக்கும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. மூன்றாவது, பெண்களின் எண்ணிக்கை. டயாலிசிஸ் படுக்கைகளில் ஆண்களைவிடப் பெண்கள் குறைவு. பெண்களுக்கு நோய் வராததால் அல்ல. வீட்டுப் பணமும் வண்டியும் துணைக்கு வரும் ஆளும் அவர்களுக்குக் கடைசியாகத்தான் ஒதுக்கப்படுகின்றன. உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ மருத்துவர் டயாலிசிஸ் சொல்லியிருந்தால், இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

ஏன் விட்டுவிடுகிறார்கள்? கட்டணம் மட்டுமே காரணம் இல்லை. ஒரு அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் காத்திருந்தவர்களிடம் பேசியபோது, ஒரு பெரியவர் சொன்ன கணக்கு இது: "இங்க ஒரு பைசா வாங்கறதில்லம்மா. ஆனா ரெண்டு பஸ் மாறி வரணும். கூட வர்ற என் சம்சாரத்துக்கு அன்னிக்கு வேலை போச்சு. வாரத்துல மூணு நாள் ரெண்டு பேர் கூலியும் இல்ல." சிகிச்சை இலவசம்தான், அதற்கு வந்துபோவதுதான் அவருக்குச் செலவு. தாலுகா அளவில் மையங்கள் வருவதன் அவசியம் இங்கேதான் புரிகிறது.

ஃபிஸ்டுலா: கையில் இருக்கும் உயிர்நாடி

அவசரமாக டயாலிசிஸ் தொடங்குபவர்களுக்குக் கழுத்தில் டியூப் போடுவார்கள். அது தற்காலிக ஏற்பாடுதான். நாள் போகப் போக அதில் கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகம். கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலாதான் பாதுகாப்பானது. அது தயாராக ஆறு வாரமாவது ஆகும். எனவே நான்காம் நிலையின் இறுதியில் இருக்கும்போதே மருத்துவரிடம் இதுபற்றிப் பேசிவிடுவது நல்லது.

- ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி போடவோ, ரத்தம் எடுக்கவோ, ரத்த அழுத்தம் பார்க்கவோ விடாதீர்கள்.
- அந்தக் கையில் இறுக்கமான கடிகாரம், வளையல் வேண்டாம். எடை தூக்க வேண்டாம். அதைத் தலைக்கு வைத்துத் தூங்கவும் வேண்டாம்.
- தினமும் காலையில் விரலால் தொட்டுப் பாருங்கள். 'விர்'ரென்ற அதிர்வு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை

ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறும் எடை முழுவதும் பெரும்பாலும் நீர்தான். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும். தாகம் குறைந்தால் எடை ஏறாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகிய மூன்றையும் ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்தது. இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி, கீரைச் சாறு ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. "உடம்புக்கு குளிர்ச்சி" என்று அன்போடு கொடுக்கும் ஓர் இளநீர்கூட டயாலிசிஸ் நோயாளியின் இதயத்துடிப்பைக் குலைத்துவிடலாம். காய்கறிகளைச் சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். அதேசமயம் புரதத்தைக் குறைக்க வேணாம். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்குப் புரதம் கூடுதலாகவே தேவை. முட்டையின் வெள்ளைக்கரு எளிதான வழி.

மையத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

தயங்க வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை.

1. எனக்கான சரியான எடை, அதாவது 'டிரை வெயிட்' எவ்வளவு? கடைசியாக எப்போது அதை மாற்றிக் குறித்தீர்கள்?
2. என் ஹீமோகுளோபின் எவ்வளவு? ரத்த ஊசி தேவையா?
3. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளை எப்போது செய்தீர்கள்? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போட்டாச்சா?
4. டயாலைசரைத் திரும்பப் பயன்படுத்துகிறீர்களா? அதில் என் பெயர் எழுதியிருக்கிறதா?
5. நான் வேறு ஊருக்குப் போனால் அங்கே எந்த மையத்தில் செய்துகொள்ளலாம்?

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும் இதில் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தை அணுகுங்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. கட்டணமில்லாத் தொலைபேசி: 1800 425 3993.

ஆயுஷ்மான் பாரத்: 2024 அக்டோபர் முதல், 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

ரயில் கட்டணச் சலுகை: டயாலிசிஸுக்கோ மாற்று அறுவை சிகிச்சைக்கோ பயணம் செய்யும் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, மூன்றடுக்கு ஏ.சி. ஆகியவற்றில் 75 விழுக்காடு சலுகை உண்டு. மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும்.

வருமான வரி: பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புச் சிகிச்சைக்காக 80டிடிபி பிரிவின்கீழ் 40,000 ரூபாய் வரையிலும், நோயாளி மூத்த குடிமக்களாக இருந்தால் 1 லட்சம் ரூபாய் வரையிலும் கழிவு கோரலாம்.

மாற்று சிறுநீரகம்

டயாலிசிஸ் ஆண்டுக்கணக்கில் வாழ்வைத் தாங்கிப் பிடிக்கும். மாற்று சிறுநீரகம் பொருத்த முடிந்தவர்களுக்கு ஆயுளும் வாழ்க்கைத் தரமும் அதைவிடக் கூடும். இந்தியாவில் 2023-ல் 13,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உயிரோடு இருக்கும் உறவினர் தந்தவை. தருபவர்களில் பெண்கள்தான் அதிகம். டயாலிசிஸ் படுக்கையில் குறைவாக இருக்கும் அதே பெண்கள், கொடுக்கும் இடத்தில் முன்னால் நிற்கிறார்கள்.

மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டம் தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கியது. அதை ஒருங்கிணைக்கும் உறுப்பு மாற்று ஆணையம் 2014-ல் உருவானது. உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையே காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயரைப் பதிவு செய்யும். 2023 பிப்ரவரியில் மத்திய அரசு, பதிவுக்கான 65 வயது உச்சவரம்பையும் மாநில இருப்பிடச் சான்று நிபந்தனையையும் நீக்கியது. உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஒரு குடும்பம் துயரத்தின் நடுவே எடுக்கும் முடிவால், இரண்டு பேர் டயாலிசிஸ் படுக்கையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போக முடியும்.

வராமல் தடுக்க இரண்டே பரிசோதனைகள்

ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம். சர்க்கரை நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தாலும் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். சிறுநீரில் புரதம் வெளியேறுவதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், மாத்திரைகளாலும் சர்க்கரை, அழுத்தக் கட்டுப்பாட்டாலும் டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். சிலருக்கு அது தேவைப்படாமலேயே போகலாம்.

ஏற்கெனவே டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலத்த மழை எச்சரிக்கை வந்தாலோ, பண்டிகை விடுமுறை வந்தாலோ, மையத்துக்கு முன்கூட்டியே பேசி ஒரு நாள் முன்னதாகச் செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். தவறிப்போய் மூச்சுத் திணறலோ, கை கால் தளர்ச்சியோ, படபடப்போ வந்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. இந்த இரண்டு எண்களோடு, உங்கள் டயாலிசிஸ் மையத்தின் எண்ணையும் டயாலிசிஸ் நாட்களையும் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இன்றைக்கே ஒட்டி வையுங்கள்.